மூளை ரேகை டாக்டரும் மாணவன் கன்னியப்பனும்

சனிக்கிழமை. ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில் நிற்க இடமில்லை. வந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, பேரணாம்பட்டு என்று சுற்றுவட்டாரத் தனியார் பள்ளிகளிலிருந்து நூற்று நாற்பது பேர். பேருந்தில் போடுவதுபோல முன்வரிசை நாற்காலிகளில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தார்கள். பி.எட். படித்த கைகள்.

சுற்றறிக்கையில் என்னவோ, 'வகுப்பறையில் பலன் தந்த முறைகளை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் பயிற்சி நாள்' என்றுதான் இருந்தது. அதை நம்பிக் கணக்கு ஆசிரியை ஜெயம்மாள் ஒரு பை நிறையத் தோல் துண்டுகளோடு வந்திருந்தார். பின்னக் கணக்கையும் பரப்பளவையும் அவற்றை வைத்துத்தான் இருபது வருடமாக நடத்துகிறார். "நன்றியுரைக்கு முன்னாடி டைம் இருந்தா அஞ்சு நிமிஷம் தர்றேன் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர் செந்தில்குமார். மீதி நேரம் முழுவதும் மேடையில் தொங்கிய பதாகைக்குரியவருக்கு.

'பத்து விரலில் பிள்ளையின் மூளை! டாக்டர் நியூரோ நவநீதன்.'

வெள்ளைக் கோட்டு. கழுத்தில் காதுக்குழாய். ரேகை பார்க்க இதயத் துடிப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"கருவுல பதிமூணாவது வாரம் மூளை உருவாகுது. அதே வாரம் விரல் ரேகையும் உருவாகுது. ரேகைதான் மூளையோட ஜெராக்ஸ்! இந்த மிஷின் படிச்சுச் சொல்லிடும், எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும், எந்தப் பிள்ளைக்கு வராதுன்னு. வராத பிள்ளைக்கு எதுக்குப் பாடம் நடத்தித் தொண்டை காயணும்?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தொண்டை காயவேண்டாம் என்று சொன்னால் எந்த ஆசிரியருக்குத்தான் கசக்கும்?

இந்த ஊர் இதை நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் மேசை என்று ஒன்று இருக்கிறது. அனுபவப்பட்டவர் தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு. சொன்னால் சொன்னதுதான். தலைமையாசிரியரின் அப்பா அந்த மேசையில் நாற்பது வருடம் நின்றவர்.

"எங்கப்பா தொட்டே சொல்லிடுவாரு. இவரு மிஷின வெச்சுச் சொல்றாரு. அவ்ளோதான் வித்தியாசம்" என்று செந்தில்குமார் ஒலிபெருக்கியில் உருகினார்.

வித்தியாசம் அவ்வளவுதானா? மாட்டுத் தோலைப் பார்த்துத் தரம் சொல்லலாம், ஏனென்றால் விற்கப் போவது தோலை. பிள்ளைகளிடம் எதை உரிக்கப் போகிறார்களாம்?

கடைசி வரிசையில் சவுரியம்மாள் உட்கார்ந்திருந்தார். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவர், அரைநாள் விடுப்பு கேட்டு வந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் மெர்சி, எட்டாம் வகுப்பு. முந்தின வாரம் இதே இயந்திரம் மெர்சியின் பத்து விரலையும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டது. கணக்கு மூளை பதினொரு சதவீதம், கைத்திறன் எண்பத்தொன்பது. வருகிற கல்வியாண்டில் அவளுக்குக் கணக்கு, அறிவியல் வகுப்பு கிடையாது. 'தொழில் பிரிவு', அதாவது தையல். அதற்குச் சம்மதக் கையெழுத்துப் போடத்தான் தாயை வரச் சொல்லியிருந்தார்கள்.

நந்தினிக்கு இந்தப் பள்ளியில் முதல் வருடம். மெர்சிக்குக் கணக்கு எடுப்பவள் அவள்தான். வேலைக்குப் புதியவள், அதிலும் பெண், ஆகவே வரவேற்பு மேசையில் உட்காரவைத்து, ஆசிரியர்கள் கூட்டிவந்த பிள்ளைகளுக்கு டோக்கன் கொடுத்து, விண்ணப்பம் நிரப்பி, இயந்திரத்தில் விரல் பதியவைக்கும் வேலையைத் தந்திருந்தார்கள். விண்ணப்பத்தில் பெயர், வயது, பெற்றோரின் தொழில்.

"பெத்தவங்க வேலை எதுக்கு சார்?"

"சும்மா, புள்ளிவிவரத்துக்கும்மா" என்றார் டாக்டர்.

"ரேகை மாறுமா சார்?"

"சுடுகாடு போற வரைக்கும் மாறாது!"

நந்தினி கடைசி வரிசைக்குப் போனாள். "அக்கா, பாப்பாவ இன்னொரு வாட்டி மிஷின்ல வெக்கலாமா? வேற பேர்ல?"

"இன்னாத்துக்கும்மா?"

"கணக்கு போட்டா சரி பாக்கறோம் இல்ல, அதுக்குத்தான்."

"வெய்யி" என்றார் சவுரியம்மாள்.

டோக்கன் நாற்பது: பிரீத்தி, வயது பதின்மூன்று, தந்தை தோல் ஏற்றுமதியாளர். விரல்கள் மெர்சியுடையவை. அடுத்து ஆசையாக வந்து நின்றவர் தலைமையாசிரியர். "ஃபாரத்த நீயே எழுதிக்கம்மா" என்று சொல்லி விரலை மட்டும் நீட்டினார். நந்தினியும் எழுதிக்கொண்டாள். டோக்கன் நாற்பத்தொன்று: மாணவன் கன்னியப்பன், வயது பதின்மூன்று, தாய் ஷூ கம்பெனித் தொழிலாளி.

சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் விண்ணப்பங்களை மடிக்கணினியில் ஏற்றினார். ஏப்பம் அடங்கியதும் மேடையேறி, டோக்கன் வரிசையில் வாசித்துக்கொண்டு வந்தார்.

"டோக்கன் நாப்பது, பிரீத்தி. கணக்கு மூளை தொண்ணூத்தாறு! இது சாதாரணக் குழந்தை இல்ல, எஞ்சினியர்!" கைதட்டல். "நாப்பத்தொண்ணு, மாணவன் கன்னியப்பன். கைத்திறன் எண்பத்தொன்பது. கணக்கு பதினொண்ணு. தலைமைப் பண்பு நாலு. இந்தப் பையன வற்புறுத்திப் படிக்க வெக்கிறது பாவம்."

"கரெக்டு சார்!" முன்வரிசையிலிருந்து செந்தில்குமார் துள்ளினார். "இந்த மாதிரி பசங்கள மூஞ்சப் பாத்தே நான் சொல்லிடுவேன்."

"ரெண்டு பிள்ளைங்களும் மேடைக்கு வாங்க" என்றார் டாக்டர்.

கடைசி வரிசையிலிருந்து மெர்சி எழுந்து நடந்தாள். "டேய், அது நம்ம மெர்சி இல்ல?" என்று யாரோ கேட்டார்கள். கன்னியப்பனைத்தான் காணோம்.

"சார், நீங்களும் போங்க" என்றாள் நந்தினி.

"எங்க?"

"மேடைக்கு. நாப்பத்தொண்ணு உங்க விரல்தான் சார்."

செந்தில்குமார் தன் பத்து விரலையும் குனிந்து பார்த்துக்கொண்டார். எங்கோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், நூற்று நாற்பது பேரும் சிரித்தார்கள். காலையிலிருந்து கைதட்டிய அதே நூற்று நாற்பது பேர்.

நந்தினி மெர்சியின் போன வார அறிக்கையையும், டாக்டரின் மேசையிலிருந்து எடுத்த 'பிரீத்தி' அறிக்கையையும் உயர்த்திக் காட்டினாள். "ஒரே பொண்ணு. ஒரே பத்து விரல். அம்மா ஷூ கம்பெனின்னா பதினொண்ணு, அப்பா முதலாளின்னா தொண்ணூத்தாறு."

டாக்டர் ஒலிபெருக்கியில் கத்தினார். "இது மோசடி! ஃபாரத்துல தப்பா எழுதினா ரிப்போர்ட்டு தப்பாத்தானே வரும்!"

"அப்ப விரல் எதுக்கு சார்?"

வெள்ளைக் கோட்டு இயந்திரத்தைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கியது. காதுக்குழாய் கதவுப்பிடியில் மாட்டி, ஒருமுறை பின்னுக்கு இழுத்துவிட்டது.

நேரம் நிறைய மிச்சமிருந்தது. ஜெயம்மாள் யாரையும் கேட்காமல் மேடையேறி, கோணல்மாணலான ஒரு தோல் துண்டைக் கட்டம் போட்ட தாளில் விரித்தார். முழுக் கட்டம் எத்தனை, அரை எத்தனை, கால் எத்தனை என்று எண்ணச் சொன்னார். "எங்க பசங்களுக்குப் பின்னம்னா பேஜாரு. தோலுக்கு வீட்ல பேசற சதுர அடிக் கணக்குல ஆரம்பிச்சேன், வந்துடுச்சு. எங்க இன்னும் தப்பு பண்றாங்கன்னு சொல்றேன், உங்க கிளாஸ்ல எப்படின்னு நீங்க சொல்லுங்க." ஜோலார்பேட்டை ஆசிரியர் ஒருவர் மறுத்துப் பேசினார். வாணியம்பாடிக்காரர் வேறு வழி சொன்னார். அன்றைய பயிற்சி அப்போதுதான் தொடங்கியது.

சவுரியம்மாள் சம்மதத் தாளோடு செந்தில்குமாரிடம் வந்தார். "சார், எம்பொண்ணு எந்த கிளாஸ்ல உக்காரணும்?"

"கணக்கு கிளாஸ்லதாம்மா." தலை நிமிரவில்லை.

சவுரியம்மாள் தாளை நான்காகக் கிழித்தார். "மிஷினு எம்பொண்ணு விரலப் பாக்கல சார், என் வேலையப் பாத்துக்கிச்சு. அது திருட்டு மிஷினு, வுடு. இத்தினி பேரு படிச்சவங்க இருக்கீங்களே, இன்னொரு வாட்டி வெச்சுப் பாப்போம்னு ஒருத்தருக்குமா தோணல?"

விடையைச் சரிபார் என்று பிள்ளைகளின் நோட்டில் சிவப்பு மையால் எழுதுகிறவர்களே, அந்தப் பேனாவை உங்கள் பக்கமும் ஒருமுறை திருப்புங்கள்.