மூன்று கிலோமீட்டருக்கு ஒரு பார மதிப்பீடு

“லொறி வராத ரோட்டுக்குத் தார் எதுக்குன்னு கேக்குறீங்க. தார் இல்லாத ரோட்டுல லொறி எப்படிங்க வரும்?”

இராக்கம்மா கேட்டதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கேட்கப்பட்டவர் ஜீவன் சேர். பதுளையிலிருந்து வந்து எங்கள் கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர். வீதிப் பார மதிப்பீட்டுப் பிரிவின் வெளிக்கள உத்தியோகத்தர். செம்மஞ்சள் மேலங்கி, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் மூன்று மொழியில் அச்சடித்த படிவம்.

“நான் கேக்கல்ல அம்மா, படிவம் கேக்குது” என்றார், மகா பொறுமையாக.

விஷயம் இதுதான். நமுனுகுல பக்கம் பெரிய ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் மூன்று கிலோமீட்டரில் தார் கழன்று பல வருஷம். கொழுந்து லொறி கீழே சந்தியிலேயே நின்றுவிடும். தோட்டம் பிரித்துக் கொடுத்த துண்டில் தேயிலை பார்க்கும் இராக்கம்மா, பறித்ததைச் சாக்கில் கட்டித் தலையில் சுமந்து இறங்க வேண்டும். அவள் சந்திக்குப் போய்ச் சேருவதற்குள் சாக்குக்குள்ளே கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். பாதியை ஃபெக்டரியில் வேண்டாம் என்று திருப்பிவிடுவார்கள். ரோடு போட்டால் லொறி மேலே வரும். ஆனால் லொறி மேலே வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ரோடு போடுவார்களாம். அதற்காகத்தான் ஏழு நாள் எண்ணிக்கை.

சந்திக்குச் சற்று மேலே, அந்த ரோட்டோரம் இருக்கும் எங்கள் கடை வாசலிலிருந்து மூன்று நாள் எண்ணினார். மோட்டார் சைக்கிள் பதினொன்று, த்ரீவீல் நான்கு, லொறி பூச்சியம்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இராக்கம்மா இருபத்தஞ்சு கிலோவைத் தூக்கிட்டுத் தினமும் இந்த ரோட்டாலதானே போறா? அவளை எழுதுங்களேன்.”

“எத்தனை அச்சு?”

“என்னது?”

“சில்லு பூட்டுற அச்சு. அச்சு ஒவ்வொண்டுலயும் எவ்வளவு பாரம் இறங்குதுன்னுதான் எழுதலாம். கால்ல போறவங்களுக்குக் கட்டம் இல்ல.”

நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, தொழில் ரகசியத்தையும் அவரே விளக்கினார். காரும் சைக்கிளும் ரோட்டை ஒன்றும் செய்யாதாம். எல்லாச் சேதமும் லொறியால்தான். அச்சில் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. சேதம் கூடக் கூட ரோட்டையும் தடிப்பாகப் போட வேண்டும்.

கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் பிரம்பை வைத்துக்கொண்டு கணக்குப் படிப்பித்த ஆள் நான். பதினாறு என்றதும் மூளை எழுந்து உட்கார்ந்துவிட்டது. நேரே உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் வாஹித் கல்லாவில் தூங்கிக்கொண்டிருந்தார்.

“எழும்புங்க. நம்மட மணல் லொறிய மேல ஏத்தணும்.”

“விசரா உனக்கு? ஸ்பிரிங் உடைஞ்சிரும்.”

“உடையட்டும். ரெண்டு மடங்கு ஏத்துங்க. மணலை நல்லா நனைச்சு ஏத்துங்க.”

மிச்ச நாலு நாளும் அந்த ஈர மணல் தோட்டத்துக்கு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஓர் இடத்திலும் கொட்டப்படவில்லை. ஏறினால் ஒன்று, இறங்கினால் இன்னொன்று. மொத்தம் ஐம்பத்திரண்டு. லொறி மூச்சுவிட்டு நின்ற இடத்திலெல்லாம் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் கொழுந்துச் சாக்கை ஓரத்தில் வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். இரண்டாம் நாள் ஸ்பிரிங் உடைந்தது; சங்கிலியால் கட்டி ஓட்டினோம். வாஹித் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கடைசி நாள் அவருக்கே மனம் உறுத்திவிட்டது. “சேர், நம்பர் பிளேட்ட பாக்க மாட்டீங்களா?”

“நம்பருக்கும் கட்டம் இல்ல, வாஹித் நானா” என்று சொல்லிவிட்டு ஜீவன் சேர் நான் கொடுத்த வட்டிலப்பத்தைச் சாப்பிட்டார். பிறகு ஏழு நாள் கணக்கை வருஷமாக்கினார். வருஷத்துக்கு எட்டு வீத வளர்ச்சி சேர்த்தார். இருபது வருஷத்தால் பெருக்கினார். “துறைமுகத்து ரோட்டுக்குச் சமம்” என்று அறிவித்தபோது அவர் குரலே தழுதழுத்தது. இராக்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்று பறித்த கொழுந்து முழுவதும் ரோட்டோரத்தில் கிடந்து சிவந்துபோயிருந்தது. ஒருநாள்தானே, போகட்டும் என்றோம்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

“மேற்படி வீதியானது எவ்விதத் தாருமின்றி, துறைமுக வீதிக்கு நிகரான பாரத்தைச் செவ்வனே தாங்கிவருவது அவதானிக்கப்பட்டுள்ளது. ஆதலால் அதனைச் செப்பனிடும் தேவை எழவில்லை என்பதைத் தயவுடன் அறியத்தருகின்றேன். மேலும், இவ்வரிய வீதியின் உட்கட்டமைப்பை ஆராய்ந்து மாகாணமெங்கும் பின்பற்றும் பொருட்டு, நிபுணர் குழுவொன்று வருகைதரும்.”

வந்தது. இரண்டு வேன், ஒரு தோண்டும் மெஷின், மஞ்சள் தொப்பி ஒன்பது. எங்கள் கடைக்கு நேரே, நடு ரோட்டில், ஆளுயரத்துக்குத் தோண்டினார்கள். அகலம் ரோட்டின் அகலம். வெறும் மண்தான் வந்தது. அதைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து லேபல் ஒட்டினார்கள்.

“இது எந்தக் காலத்து அத்திவாரம்?” என்று குழுவின் பெரியவர் கேட்டார்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஈர மணலையும் சொல்ல வேண்டும். வாஹித் தொண்டையைச் செருமினார். “வெள்ளைக்காரன் காலத்துக் கல்லு சேர். இன்னும் ஆழத்துல இருக்கும்.”

இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள்.

பின்னேரம் போத்தல்களை வேனில் ஏற்றினார்கள். அவர்களோடு வந்திருந்த ஜீவன் சேர் தன் கதிரையையும் ஏற்றினார். மேலேயிருந்து இராக்கம்மா தலையில் சாக்கோடு இறங்கி வந்து குழியின் அந்தப் பக்கம் நின்றாள். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. சாக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. வேன் ஸ்டார்ட் ஆனது. நான் கடைக்குள்ளே பருப்பு அளப்பதுபோல் குனிந்துகொண்டேன். வாஹித் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழிக்கு அந்தப் பக்கமிருந்து இராக்கம்மா கூப்பிட்டாள்.

“ஐயா, இந்தக் குழியவாச்சும் மூடிட்டுப் போங்களேன்.”