நல்லமுத்து புகையை ஒழித்த கதை

வீட்டுப் புகையை ஒழித்துக் கட்டியே தீருவது என்று நல்லமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தார். அப்போது அவருடைய இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. உணர்ச்சிவசப்பட்டு அல்ல. மனைவி வடிவு பக்கத்தில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

மஸ்கெலியாவுக்கு மேலே, வந்த மழை திரும்பிப் போக மறந்துவிடும் தோட்டம் அது. வரிசை வீடான லயத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரே அறை. படுக்கை, பானை, சாமி படம், அடுப்பு எல்லாம் அதற்குள்தான். விறகென்று இருந்தது கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, அதாவது மிலாறு. ஆனி மாதத்து மழையில் நனைந்த மிலாறு எரியாது, புகையும். புகை கூரைவரை போய், வெளியே வழியில்லை என்று கண்டு, மறுபடி இறங்கி வந்து வீட்டாரோடு உட்கார்ந்துகொள்ளும். நான்கு வயது மகள் பூரணி நாள் முழுக்க இருமினாள்.

"பொகைக்கூண்டு ஒண்ணு வைங்கன்னு மூணு வருசமா கத்துறேன்," என்றாள் வடிவு. "புள்ள இருமுறது காதுல விழலையா?"

"கூண்டு வைக்கணும்னா கூரைத் தகரத்த வெட்டணும். தகரம் தோட்டத்துச் சொத்து. ஆபீசுல எழுதிக் கேக்கணும்."

"கேளுங்க."

"பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு ஆறு வருசமாச்சு. அதுக்கே பதிலக் காணோம். இதுல பொகைக்கு வேற ஒரு மனுவா?"

"அது கொழும்பு. இது கூப்பிடு தூரத்துல இருக்கிற ஆபீசு."

"ஆம்பளைங்க விசயம் ஒனக்குப் புரியாது புள்ள."

உண்மையில் அது ஆம்பளை விசயமும் இல்லை, ஆபீஸ் விசயமும் இல்லை. கூண்டு வைக்க வேண்டுமானால் கூரையில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீணாய்ப் போகும். அதுதான் விசயம்.

நல்லமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்ப்பவர். மற்றவர்கள் மலையில் அட்டைக்கடி பட்டுக்கொண்டிருக்கும்போது இவர் தலையில் ஒரு சொட்டு மழை விழாது. அந்தப் பெருமை லயம் முழுக்கத் தெரியும், அவரே தெரியப்படுத்தியிருந்தார். தேயிலைத் தூள் பக்கத்தில் உள்ள வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே பால பாடம். பீடி கூடாது, மண்ணெண்ணெய் கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய்கூடக் கூடாது. இந்தப் பாடத்தைத்தான் நல்லமுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"தப்பு அடுப்புல இல்ல, செவுத்துல," என்று விளக்கினார். "சுண்ணாம்புச் செவுரு தேயிலைத் தூள் மாதிரி. பொகையக் குடிச்சு வச்சிருந்து அப்புறம் கக்குது. எண்ணெய்ப் பெயின்ட் அடிச்சா குடிக்க முடியாது. பொகை வழுக்கிட்டு வாசல் வழியா ஓடிரும்."

வடிவு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப அடிங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒத்துக்கொண்டதில் ஏதோ இருக்கிறது என்று வேறு எந்தப் புருஷனுக்கும் தோன்றியிருக்கும். நல்லமுத்துவுக்குச் சந்தோஷம்தான் தோன்றியது.

துரை பங்களாவுக்குப் பெயின்ட் அடிக்க வந்த மேஸ்திரி பாஸிடம் கெஞ்சி, மிச்சமான ஒரு டின் பச்சைப் பெயின்ட்டும் ஒரு போத்தல் டர்பன்டைனும் வாங்கி வந்தார். வெளியே மழை. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு நாலு சுவரும் அடித்து முடித்தார். முடித்தபோது தலை கிறுகிறுத்தது. கண் எரிந்தது. அடுப்புப் புகைக்கு வந்த கண்ணீர் இதற்கு வந்த கண்ணீரின் கால்தூசி பெறாது. சோறு பெயின்ட்டாக மணந்தது. குடித்த தண்ணீரும் பெயின்ட்டாக மணந்தது. புகை மட்டும் எங்கேயும் ஓடவில்லை. பச்சைச் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு, முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது.

வடிவு பூரணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாங்க மேல் லயத்துல அக்கா வீட்டுல இருக்கோம். பொகை ஓடுனதும் சொல்லி அனுப்புங்க."

திங்கட்கிழமை காலை நல்லமுத்து தொழிற்சாலை வாசலில் கால் வைத்தார். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் சிவராசா ஐயா கைலேஞ்சியை மூக்கில் பொத்தியபடி எதிரே வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். தூள் விஷயத்தில் பெற்ற பிள்ளையையும் நம்பாதவர்.

"நல்லமுத்து, அங்கையே நில். உன்னில பெயின்ட் மணக்குது."

"கொஞ்சம்தான் ஐயா."

"கொஞ்சமோ? கொழும்பில ருசி பாக்கிறவன் வாயில விட்டுத் துப்பினா ஆர் பதில் சொல்லுறது? மணம் போகும் மட்டும் உள்ளுக்கை வராத. போய்க் கான் வெட்டு."

எட்டு வருடப் பெருமை அந்த ஒரே காலையில் மண்ணாய்ப் போனது. நல்லமுத்து மலையில் நின்று தண்ணீர் ஓடக் கான் வெட்டினார். தலைக்குமேல் மழை. கால் விரலிடுக்கில் அட்டை. கொழுந்துக்கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ராசம்மா என்பவள் மட்டும், "என்னண்ணே, பெக்டரிய இங்க மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள். அவர் மண்வெட்டியைக் கொஞ்சம் பலமாகப் போட்டார்.

மூன்று நாள் கதவைத் திறந்து போட்டுப் பெயின்ட் வாசத்தை விரட்டினார். வடிவு திரும்பி வந்தாள். சிவப்புச் சவுக்காரம் ஒரு கட்டி எடுத்துக் கொடுத்து, "நல்லா தேச்சுக் குளிச்சிட்டுப் போங்க," என்றாள். தோல் உரியத் தேய்த்துக் குளித்துவிட்டு வியாழக்கிழமை போனார்.

கைலேஞ்சிக்குள்ளிருந்து ஐயாவின் குரல் வந்தது. "சவர்க்காரம் மணக்குது. போ."

வெள்ளிக்கிழமை வெறும் தண்ணீரில் குளித்துவிட்டுப் போனார்.

"அடுப்புப் புகை மணக்குது. போ."

"ஐயா, லயத்துல எல்லார்கிட்டயும்தான் பொகை மணக்கும்."

"மற்ற ஆக்களின்ரை கதை எனக்கு வேண்டாம். உன்னிலதான் கூட."

நல்லமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியே போனால் சல்லடைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் கானும் அட்டையும்தான். வீட்டுக்கு வந்ததும் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வடிவு, கூண்டு வச்சிரலாம். ஆனா ஆபீசுல அனுமதி கெடைக்க ஒரு மாசமாவது ஆகும். அதுக்குள்ள என் வேலை போயிரும்."

வடிவு சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு துண்டுக் கடிதத்தை எடுத்தாள். கூரைத் தகரத்தை வெட்ட அனுமதி தந்து தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா கையெழுத்துப் போட்டிருந்தார்.

"இதை எப்ப வாங்குன?"

"பொங்கலுக்கு மறுநாள்."

"தகரத்துக்கு எங்க போறது?"

"கட்டிலுக்கு அடியில பாருங்க."

தார் பீப்பாய்களை வெட்டித் தட்டி நிமிர்த்திய தகரம் ஏழு துண்டு, ஆணியோடு அங்கே இருந்தது. இந்த வீட்டில் கூண்டுக்கு இல்லாமல் இருந்த ஒரே சாமான் தான்தான் என்று நல்லமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூரையில்தான். மழையில் வழுக்கினார். கட்டைவிரலை ஒரு முறை சுத்தியலால் அடித்துக்கொண்டார், கூண்டுக்கு மூடியும் வேண்டும் என்று வடிவு கீழேயிருந்து யோசனை சொன்னபோது இன்னொரு முறை அடித்துக்கொண்டார். சாயந்தரம் அடுப்பை மூட்டியபோது புகை நேராகக் கூண்டுக்குள் ஏறி வெளியே போனது. பூரணி சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு தடவைகூட இருமவில்லை. அவருக்கே நெஞ்சு கொஞ்சம் இளகிவிட்டது. இதை மூன்று வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம் என்று தனக்குள் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மகாராஜா மாதிரி போய் வாசலில் நின்றார். ஐயா அவரைச் சுற்றி வந்தார்.

"இன்னும் சரிவரேல்ல. ஒரு மணம் இருக்குது."

"என்ன மணம் ஐயா?"

"என்னண்டு சொல்லத் தெரியேல்ல. போ, நாளைக்கு வா."

வெறுத்துப்போய் மறுபடி கான் வெட்டிவிட்டு வந்தவர், கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் கூரைமேல் ஏறி, மழைத்தண்ணீர் அடுப்பில் விழாதபடி கூண்டின் உச்சிக்கு மூடி அடித்தார். செவ்வாய்க்கிழமை ஐயா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே கையைக் காட்டினார்.

அன்று வேலை விட்டு வந்த நல்லமுத்து தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே பேசினார். "என்ன இருந்தாலும் ஐயாவோட மூக்கு மூக்குதான் புள்ள. ஊருல அப்படி ஒரு மூக்கு கெடையாது."

"எங்கங்க?" என்றாள் வடிவு. "பாவம், பத்து நாளா சளி. பூ வாசமே தெரியாது அவருக்கு. தெனம் சாயந்தரம் யூக்கலிப்டஸ் தழை கொண்டுபோய் வேது புடிக்க வைக்கிறதே நான்தான். மூக்கு அடைச்சது துரைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு அவரு சம்சாரம் ஒரே அழுகை. அதான், மறுநாள் உங்ககிட்ட என்ன வாசம் வரும்னு நானே சொல்லிட்டு வருவேன்."

நல்லமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"சரி. பெயின்ட் மணந்துச்சு, சவுக்காரம் மணந்துச்சு, பொகை மணந்துச்சு. நேத்து என்ன மணந்துச்சு?"

"நேத்தா? ஒண்ணும் மணக்கல. கூண்டுக்கு மூடி போடாம வச்சிருந்தீங்களே."