மொட்டையை ஒப்புக்கொள்ளாத போன்

புது போன் வாங்கிய முதல் மாதத்தில் ஒரு மனிதனிடம் யாரும் முக்கியமான பொறுப்பு எதையும் ஒப்படைக்கக்கூடாது. அந்த மாதம் அவன் வீட்டு ஆள் இல்லை, போனுடைய ஆள். இது தெரியாமல் எங்கள் வீட்டில் தங்கையின் கல்யாணப் பேச்சையே என் கையில் கொடுத்துவிட்டார்கள். (கையிலா கொடுத்தார்கள்? போனில்தான்.)

போனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நடந்த எதிலும் அதன்மேல் குற்றம் இல்லை. திருப்பதியில் ஒரு கடையில் வாங்கினேன். பெரிய பணக்காரர்கள் வைத்திருக்கும் ரகமும் இல்லை, ஆஃபரில் தள்ளிவிடும் ரகமும் இல்லை. என்னைப் போல நடுத்தரம். ஆனால் ஒழுக்கத்தில் என்னைவிடப் பல மடங்கு மேல். அம்மா அடுப்பில் ஏற்றிய சோறு வடிப்பதற்குள் முழு சார்ஜ் ஏறிவிடும். சனிக்கிழமை ரேணிகுண்டாவிலிருந்து எங்கள் ஊர் கங்காதர நெல்லூருக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பாட்டு ஓடினாலும் அசராது. (நான் சித்தூர் வருவதற்குள் வாய் பிளந்து தூங்கிவிடுவேன்.)

கேமராவைச் சொல்லவே வேண்டாம். நான் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சுருளைப் படம் எடுத்தேன். நகைக்கடை விளம்பரம் மாதிரி வந்தது. பக்கத்து மெஷின் சுப்பாரெட்டி அதைப் பார்த்துவிட்டு "பாகுந்திரா!" என்றான். அழகாக இருக்கிறதாம். அவன் என் வேலையை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அன்றிலிருந்து நான் இரும்பைச் சீவியதைவிடப் படம் எடுத்ததுதான் அதிகம். திரைமேல் ஒட்டிவந்த தாளைப் பிரிக்க மனமில்லை. சட்டைப் பையில் சில்லறை, சீப்பு, பஸ் டிக்கெட் எதற்கும் இடமில்லை. இருமல் வந்தால்கூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் இருமினேன்.

ஒரே ஒரு சிக்கல். என் விரல் ரேகையை அது ஏற்கவில்லை. லேத் வேலைக்காரன் விரலில் ரேகை எங்கே இருக்கும்? எங்கள் ஊர் ரேஷன் கடை மெஷினே நான் கை வைத்தால் முகம் சுளிக்கும். அதனால் கடைக்காரப் பெண் என் முகத்தைக் காட்டித் திறக்கும்படி அமைத்துக் கொடுத்தார். "முகம் வேலை செய்யலேன்னா இருக்கட்டும், ஒரு பேட்டர்னும் போட்டுக்கோங்க சார்" என்றார். யாரும் எட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடாது என்று புள்ளிகளுக்கு நடுவே ஒரு பிரமாதமான கோட்டை இழுத்தேன். இழுத்த கையோடு மறந்தும் போனேன். இந்த முகம் எங்கே போய்விடப் போகிறது என்ற நம்பிக்கைதான்.

அந்த முகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அடர்ந்த சுருட்டை முடி, காதுவரை கிருதா, திருகி விடலாம் போன்ற மீசை, அதற்குக் கீழே ஒழுங்காக வெட்டிய தாடி. போன் பக்கம் திரும்பினாலே போதும், பூட்டு விலகும். ஒரு நாளைக்கு எத்தனை முறை திறந்து மூடினேன் என்று எனக்கே தெரியாது. என்னைப் பார்த்த உடனே முகம் மலர்ந்த உயிர் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

இந்த நேரத்தில்தான் தங்கை தனலட்சுமிக்கு சத்தியவேட்டிலிருந்து தரகர் மூலம் ஒரு வரன் வந்தது. பையன் பெயர் குமரேசன், அங்கே பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை. தனாவுக்கு அதற்கு முன் இரண்டு இடம் கூடிவந்து கலைந்திருந்தது. ஒன்று அவள் நிறத்தைச் சொல்லி, இன்னொன்று ஒன்றுமே சொல்லாமல். அதற்குப் பிறகு அவள் எந்தப் போட்டோவையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் குமரேசன் போட்டோ என் போனுக்கு வந்த அன்று, "அண்ணா, அந்தப் போன குடேன், டைம் பாத்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனாள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அவள் பல தடவை டைம் பார்த்தாள். இந்த இடம் அமைய வேண்டுமே என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

இரண்டு குடும்பமும் ஒரே நாளில் திருமலைக்குப் போவது, அங்கேயே பெண்ணைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் இது வழக்கம். கோயிலில் பார்த்தால் பஜ்ஜி சொஜ்ஜி செலவில்லை. பிடிக்கவில்லை என்றால் 'நாங்க சாமி பாக்கத்தான் வந்தோம்' என்று இரு தரப்பும் மானத்தோடு பஸ் ஏறிவிடலாம். தரிசனம் முடிந்ததும் நாங்கள் போன் செய்ய வேண்டும், அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாகப் போன் செய்ய மாட்டார்கள். செய்தால் அலைகிறார்கள் என்று ஆகிவிடும். பெண் வீட்டுப் போன் வரவில்லை என்றால் விருப்பமில்லை என்று அர்த்தம். பேச்சு அதோடு முடிந்தது.

கிளம்பும்போது அம்மா தன் பட்டன் போனை எடுத்துப் பையில் போட்டாள். தனாவும் தன் போனை எடுத்தாள்.

"அதெல்லாம் எதுக்கு? மேல எப்படியும் போன உள்ள உட மாட்டாங்க. ஒவ்வொண்ணா குடுத்து டோக்கன் வாங்கிக்கினு நிக்கணும். இது ஒண்ணு போதும்" என்று சட்டைப் பையைத் தட்டினேன்.

இரண்டு போனும் வீட்டில் தங்கின. நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தங்கினார், பால் கறக்க ஆள் வேண்டுமே.

மலையேறிய பிறகுதான் அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"டேய், தனாவுக்கு நல்ல எடமா அமையணும்னு ஒன் முடிய வேண்டிக்கினு கீறேன்."

"எடம் அமைஞ்சா தானே மொட்ட? இன்னும் அவங்க பாக்கவே இல்லியே!"

"மின்னாடியே குடுத்தா சாமி மனசு மாறமாட்டாரு. போய் குந்து."

வேண்டிக்கொண்டது அவள், முடி என்னுடையது. ஆனால் தனா என்னைப் பார்த்த பார்வையில் மறுப்பு எழவில்லை. முடி போனது, கிருதா போனது, தாடி போனது, மீசையும் போனது. அம்மா தலை நிறையச் சந்தனம் குழைத்துப் பூசிவிட்டாள். நல்ல தரிசனம். போன் கவுண்டரில் டோக்கனைக் கொடுத்து என் செல்லத்தைத் திரும்ப வாங்கினேன். ஆசையோடு முகத்துக்கு நேரே பிடித்தேன்.

போன் என்னைப் பார்த்தது. யாரோ என்று நினைத்தது. முகம் பொருந்தவில்லை என்றது.

சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு காட்டினேன். பொருந்தவில்லை. சிரித்துக் காட்டினேன். வெயிலுக்கு வந்து காட்டினேன், நிழலுக்குப் போய்க் காட்டினேன். கெஞ்சவும் செய்தேன். (ஆமாம், போனிடம்தான்.) பேட்டர்னைக் கேட்டது. எனக்குத் தெரிந்த கோடெல்லாம் இழுத்தேன். கடைசியில் அது கொஞ்ச நேரம் கழித்து வரும்படி சொல்லிவிட்டது.

"நம்பர சொல்லு, யார் போன்லயாவது போடலாம்" என்றாள் தனா.

எந்த நம்பர்? மாப்பிள்ளை வீட்டு நம்பர் போனுக்குள். தரகர் நம்பர் போனுக்குள். நைனாவைக் கூப்பிட்டால் யாரையாவது கேட்டுச் சொல்வார் என்றால் அவர் நம்பரும் போனுக்குள். என் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். அதற்கு அடித்தால் என் கையிலேயே மணி அடிக்கும்.

அம்மா தலையில் கை வைத்தாள். "மதிய பஸ்ஸுக்கு எறங்கிடுவோம்னு சொன்னாங்களேடா! இவ்ளோ நேரம் நம்மள இன்னான்னு நெனச்சிக்கினு இருப்பாங்க?"

தனா ஒரு நிமிடம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு மலையிலிருந்து அப்படியே குதித்துவிடலாம் போல இருந்தது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து கண்மைப் பென்சிலை எடுத்தாள்.

"குந்துண்ணா" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"போனுக்கு ஒன் மீச வேணும். அவ்ளோதானே?"

எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிந்தது. அதுதான் என் புத்தியின் அன்றைய நிலைமை. லட்டு வாங்கப் போகிற ஜனமும் வாங்கி வருகிற ஜனமும் நடக்கும் வழியில், மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் மீசையை வரைந்தாள். கிருதாவை வரைந்தாள். தாடியைப் புள்ளி புள்ளியாக வைத்தாள். போனைக் காட்டினோம். அது மசியவில்லை.

"தல மொட்டயா கீதே, அதான்" என்றாள் அம்மா. கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொண்டையில் கை வைத்து, யாருக்கும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த சவுரிமுடியை உருவி எடுத்து என் தலையில் போட்டாள்.

சவுரி சந்தனத்தில் வழுக்கிக் காதுப் பக்கம் இறங்கியது. ஏற்றினோம், இறங்கியது. கூட்டம் கூடிவிட்டது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து ஒரு பெரியவர் "கோவிந்தா!" என்று கும்பிட்டார்.

முன்வரிசையில் புதுச் சந்தனம் பூசிய மொட்டை ஒருத்தன் நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சைடு மீச கொஞ்சம் ஏறிக்கினு கீதுங்க" என்றான்.

தனாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "யோவ், நின்னு வேடிக்க பாக்கறதுக்கு அந்தச் சவுரிய கீழ உழாம புட்சிக்கினு நில்லு!"

அவன் மறுபேச்சில்லாமல் வந்து, என் பின்னால் நின்று, இரண்டு கையாலும் சவுரியை நிறுத்திப் பிடித்தான். தனா மீசையைச் சரிசெய்தாள். போனை உயர்த்தினோம். அந்தப் போனை நான் இன்றுவரை மெச்சுவது இதற்குத்தான்: கண்மைக்கும் சவுரிக்கும் அது மயங்கவில்லை. தெளிவாகவே சொன்னது, இது அந்த ஆள் இல்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார்.

"குமரேசா! பொண்ணு வூட்டுக்காரங்க போனே பண்லியே, பஸ்ஸுக்குப் போலாம்னு நைனா கூப்புடறாரு. நீ இங்க இன்னாடா சவுரிய புட்சிக்கினு நிக்கற?"

நாங்கள் மூவரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். அந்தப் போட்டோவை எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஆனால் போட்டோவில் முடி இருந்தது, மீசை இருந்தது. எதிரே நின்றவனுக்கு இரண்டும் இல்லை. என் போன் என்னை யாரோ என்று நினைத்தது போலவே நாங்களும் அவனை யாரோ என்று நினைத்திருந்தோம்.

அவன் மட்டும் தனாவின் போட்டோவை வைத்து முதலிலேயே அடையாளம் கண்டுவிட்டான். "இவங்கதாம்மா பொண்ணு" என்றான், சவுரியை விடாமல்.

தனாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. பென்சிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "போட்டோல மீச இருந்திச்சே..." என்றாள் மெதுவாக.

"சாமிக்குக் குடுத்துட்டேன். ஒங்க அண்ணனுக்கு வெச்சாப்பல எனக்கும் ஒண்ணு வெச்சி உடுங்களேன்."

கூட்டம் 'ஓ' என்றது. என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சவுரி இல்லாத கொண்டை ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத்தான் இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு அன்று கவலையே இல்லை. அவர்களிடம் நான் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்து, "போன் தொறக்கவே இல்லைங்க" என்று அழாத குறையாக நீட்டினேன்.

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நல்ல போனு. பூட்டியிருந்தாலும் கேமரா மட்டும் தொறக்கும், மச்சான்" என்றான்.

மச்சான்! அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். குமரேசனின் அம்மா மகனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தனாவைப் பார்த்தார், பிறகு தாமும் சிரித்துவிட்டார். அதற்குமேல் பெண் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அவன் கையை நீட்டி எங்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான்.

மலையிலிருந்து பஸ் வளைந்து வளைந்து இறங்கும்போது மனம் லேசாக இருந்தது. சும்மா போனை எடுத்தேன். விரல் தானாகவே போய் அந்தப் பேட்டர்னைப் போட்டது. பூட்டு திறந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் இப்படித் திறந்திருந்தால் நாங்கள் மரியாதையாகப் போன் செய்து, மரியாதையாகப் போய் நின்று, தனா தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருப்பாள். அவளை யாருக்குத் தெரிந்திருக்கும்?

முடி வளர்ந்துவிட்டது. பின்பக்கம் கொஞ்சம் விட்டுவிட்டு வளர்ந்திருக்கிறது, அது வேறு கதை. தனாவின் கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் வந்து பெரிய கேமராவில் எடுத்த படங்கள் சத்தியவேட்டு வீட்டில் பீரோவுக்குள் இருக்கின்றன. ஹாலில் மாட்டியிருப்பது என் போனில் எடுத்த அந்தப் படம்தான். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியும் கொஞ்சம்கூட மங்கவில்லை. தாடியில் வைத்த ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். வருகிறவர்கள் எல்லோரும் நடுவில் இருக்கும் உருவத்தைக் காட்டி இது ஆணா பெண்ணா என்று தவறாமல் கேட்கிறார்கள். தனாவின் மாமியார் ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளாமல், காபி டம்ளரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொல்வார்:

"எங்க மருமவ போட்ட மொத கோலம். எங்க வாசல்ல இல்ல, அவங்க அண்ணன் மூஞ்சியில."