கைட்டின் அறிஞரும் அக்காவின் கைகளும்

எதைக் கண்டாலும் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தொண்டையைச் செருமுகிற ஒருவர் உங்களுக்கும் வாய்த்திருப்பார். தட்டுக்கும் செருமலுக்கும் நடுவே தப்பித்து ஓட ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். தவறவிட்டால் தொலைந்தீர்கள். அவர் ஒற்றைப் பொருள் அறிஞர்: உலகில் ஒரே ஒரு பொருளைப் படித்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் அதற்கு உறவுக்காரர்கள் ஆக்கிவிடுகிற இனம்.

நாம் பார்க்கப்போகிறவரின் பொருள் கைட்டின், அதாவது பூச்சி, நண்டு, இறால் ஓடுகளில் இருக்கிற சரக்கு. தெருவில் அவருக்குப் பெயரும் அதுதான். ஒன்பது ஆண்டுகளாக வீட்டில் தட்டுச் சத்தம் ஓயவில்லை. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் யாரும் தடுக்கவும் இல்லை.

குளியலறைக் கரப்பான்பூச்சி மேல் அம்மா துடைப்பத்தை ஓங்கினால் குறுக்கே கை நீட்டுவார்.

"இரும்மா. அதோட எலும்பே வெளியிலதான் இருக்கு. சர்க்கரை மாதிரி சின்னச் சின்னத் துண்டு, ஒண்ணோட ஒண்ணு கோத்துச் சங்கிலி. சங்கிலியெல்லாம் சேத்து இறுக்கிக் கட்டினா ஓடு. மரத்து நாரும் இப்படித்தான். ஆனா இதுல நைட்ரஜன் உண்டு."

அதற்குள் கரப்பான் நைட்ரஜனோடு அலமாரிக்கு அடியில் போய்விட்டிருக்கும்.

காளான் நறுக்கினால், காளானின் செல் சுவரிலும் அதே சரக்குதான், அந்த வகையில் அது செடிக்கு அந்நியம், நண்டுக்குப் பங்காளி என்பார். நத்தையின் பல், கணவாயின் அலகு, பட்டாம்பூச்சியின் செதில் என்று வரிசை நீளும், கேட்பவர் குழம்பு அடிபிடிப்பதை முகர்ந்துகொண்டே தலையாட்டுவார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் சுவரோரம் ஊர்ந்த வண்டைக் காட்டி வகுப்பெடுத்தார். அழுகை நின்றது என்னவோ உண்மை.

யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகளில் கேட்டது ஒரே ஒருத்திதான்.

அவருடைய அக்கா இறால் உரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். தம்பியின் ஆய்வுக்கு வேண்டிய ஓடெல்லாம் அவள் கொண்டுவந்ததுதான். நான்கு ஆண்டுகள், வாரம் ஒரு வாளி, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைக்க முறைக்க. ஆய்வேட்டில் அந்த வாளி 'ஆலையிலிருந்து பெறப்பட்ட மாதிரிகள்' ஆனது. நன்றியுரையில் நுண்ணோக்கிக்குக்கூட இடம் கிடைத்தது.

இப்போது அக்காவின் விரலிடுக்குகள் சிவந்து வெடித்திருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் கை தேறாவிட்டால் அவள் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கைகளையும் தம்பியின் முன்னால் விரித்து வைத்தாள்.

"டேய், இந்த ஓட்டுல என்னடா இருக்கு? ஏன் இப்படி அரிக்குது? கையுறை மாட்டினா அடங்குமா?"

வாழ்நாளின் முதல் கேள்வி. அவர் பழக்கதோஷத்தில் நகத்தை உயர்த்தினார். தட்டுவதற்கு எதிரே இருந்தவை அந்தக் கைகள்தான். மெல்ல இறக்கிக்கொண்டார்.

"அது கைட்டினா இருக்காதுக்கா. இறால்ல இருக்கிற புரதமா இருக்கலாம். புரதம் என் பகுதி இல்ல."

"பின்ன யாரு பகுதி?"

"அது வேற துறை. எங்க கட்டடத்துலயே ரெண்டாவது மாடி."

"ஏறிப் போய்க் கேக்கறது?"

"விசாரிச்சுச் சொல்றேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா ஒண்ணு, கைட்டின்லேருந்து காயத்துக்குக் கட்டே பண்றாங்க, தெரியுமா?"

"அப்போ ஒண்ணு கொண்டா."

"படிச்சிருக்கேன். பாத்ததில்ல."

அக்கா சிரித்துவிட்டாள். "நண்டு வளரணும்னா பழைய ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டுக் கொஞ்ச நாள் மெத்துனு கெடக்கும்னு நீதான சொன்ன. நீ எப்படா கழட்டப் போற?"

சுருக்கென்றது. இரண்டாவது மாடியில் போய் நின்றால் 'எனக்குத் தெரியாது' என்று ஆரம்பிக்க வேண்டும். ஒன்பது ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் அவர் வேறு எல்லாவற்றையும் சொல்லப் பழகியிருந்தார். முதல் தலைமுறைக்காரன் வாயில் அந்த வார்த்தை வந்தால், இவனை யார் உள்ளே விட்டது என்று கேட்டுவிடமாட்டார்களா? அவர் தொண்டையைச் செருமினார்.

"எத்தனை நாள்ங்கறது நண்டுக்கு நண்டு மாறும்க்கா."

வெள்ளிக்கிழமை வந்து போனது. மேசை வேறு ஆளுக்குப் போனது. அக்கா இப்போது அதே கூடத்தில் பெட்டி கழுவுகிறாள். அரிப்பும் விடாமல் அவள் கூடவே வந்திருக்கிறது. தம்பி சென்ற வாரம் 'கைட்டினும் மனித நலமும்' என்று நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கினார். இரண்டாவது மாடிக்கு ஏறும் படிக்கட்டு அவர் அறை வாசலிலிருந்து பன்னிரண்டு அடி தூரம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் நீங்கள் கடைசியாக 'விசாரிச்சுச் சொல்றேன்' என்றது யாரிடம் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். யோசிக்கும்போது உங்கள் விரல் எதையும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குச் சேர வேண்டிய பதில் இன்னும் பாக்கி.