வெட்டா, ட்ரையா, அம்சாவா?

எங்கள் வீட்டில் இனிமேல் முடிவெடுக்கிறவன் நான்தான் என்று போன மாதம் ஒரு முடிவெடுத்தேன். அம்சாவிடம் சொன்னேன். "சரி, எடுத்துக்கோங்க" என்று அனுமதி கொடுத்தாள்.

நான் தீனதயாளன். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். கடையில் சட்டம் போடுவது நான், வீட்டில் சட்டம் போடுவது என் பெண்டாட்டி அம்சா. இந்த நிலைமையை மாற்றத்தான் கார் ராலியில் இறங்கினேன்.

ஆர்.கே.பேட்டை பக்கம் ஏரிக்கரைச் செம்மண் பாதையில் ஊர்ப் பையன்கள் ராலி நடத்தப்போவதாக வாட்ஸாப்பில் வந்தது. ஒரு காருக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்ட வேண்டும். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது, வலது, பள்ளம், மேடு என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்கிற வேலைக்கு ஆள் தேடவே வேண்டாம். அம்சா கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

எனக்கு வேண்டியது ஸ்டியரிங். ஆர்.கே.பேட்டை என் மாமனார் ஊர். 'துளசிங்கம் மருமவனுக்கு வண்டி ஓட்ட வராது, பொண்ணுதான் ஓட்டுது' என்று அங்கே ஒரு பேச்சு. பேச்சில் பொய் ஒன்றுமில்லை, மலைக்குப் போனாலும் மணவூர் போனாலும் அவள்தான் ஓட்டுவாள். ஒரே ஒரு நாள், மாமனார் பார்க்க, நான் ஓட்டிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பழைய காரை அரக்கோணம் ரோட்டில் ரசூல் பாய் மெக்கானிக் ஷெட்டுக்கு முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன். பாய் பானெட்டைத் திறந்து பார்த்தார்.

"ராலின்ற. வெட் சம்ப்பா, ட்ரை சம்ப்பாணா?"

"அப்படின்னா?"

"எஞ்சினுக்கு அடியில ஒரு தட்டு கீது பாரு, அதுல ஆயில் நின்னா வெட்டு. வேகமா திருப்பினா ஆயில் ஒரு பக்கமா ஓடிப்பூடும். பம்பு ஆயிலுக்குப் பதிலா காத்த இழுக்கும். எஞ்சின் ஜாமாயிடும்."

"அப்ப ட்ரை போடு பாய்."

"போடலாம். ட்ரைன்னா ஆயில் தனியா ஒரு டாங்க்ல நிக்கும். ஒரு பம்பு எஞ்சினுக்கு எடுத்துகினு வரும், இன்னொரு பம்பு டாங்க்குக்குத் திருப்பி எடுத்துகினு போவும். எப்படித் திருப்பினாலும் பயம் இல்ல. ஆனா பைப்பு ஜாஸ்தி, பாரம் ஜாஸ்தி. ஒரு பைப்பு கழண்டா கதை முடிஞ்சுது."

"அப்ப வெட்டே இருக்கட்டும்."

"இருக்கட்டும். ஆனா ஏரிக்கரையில கல்லு பட்டா தட்டு கிழிஞ்சிடும்."

"பாய், ட்ரைன்னா காஞ்சதுன்னுதான அர்த்தம். அதுல எதுக்கு ஆயில்?"

"ஆயில் இல்லாம எஞ்சின் எப்படிணா ஓடும்?"

"அப்ப அது எப்படி ட்ரை?"

ரசூல் பாய் பானெட்டை மூடினார். "டீ சாப்பிடலாம் வா" என்றார். டீ குடிக்கப் போகும்போது ட்ரைதான் நல்லது என்றார். குடித்துவிட்டு வரும்போது வெட்தான் நல்லது என்றார். போகும்போது அவருக்கு இருந்த தெளிவும் எனக்கு வரவில்லை, வரும்போது இருந்த தெளிவும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்சா சமையலறையில் இருந்தாள்.

"அம்சா, சம்பு ட்ரையா இருந்தா நல்லதா, வெட்டா இருந்தா நல்லதா?"

"ட்ரையா இருந்தா மோட்டார் போடுங்க."

"தண்ணி சம்பு இல்ல. எஞ்சினோட சம்பு."

வாயால் சொன்னால் எனக்கே புரியாது என்பதால் செய்து காட்டினேன். ரசக் குண்டானைக் கையில் எடுத்தேன். குண்டான் சம்ப், ரசம் ஆயில், கரண்டி பம்பு. "இப்ப நான் வேகமா வளைவுல திரும்பறன் பாரு" என்று திரும்பினேன். ரசம் சுவருக்குப் போனது. கரண்டியில் காற்று வந்தது.

"பாத்தியா, இதான் வெட் சம்ப்போட கோளாறு."

"கோளாறு எங்க இருக்குதுன்னு நல்லாத் தெரியுது" என்று சுவரைத் துடைத்தாள். வெறும் சோற்றைத் தட்டில் போட்டு என் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க. ட்ரை."

நான் சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, விளிம்புவரை பால் இருந்த பாத்திரத்தை எடுத்தாள். அடுப்பிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் ஒரு திருப்பு திரும்பினாள். ஒரு துளி சிந்தவில்லை. அப்புறம் போனை எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாய், பதமா திருப்பறவங்க ஓட்டினா வெட் சம்ப்பு தாங்குமா?"

"ஆங், நல்லாவே தாங்கும் அண்ணி. நீங்க ஓட்டறதா இருந்தா வெட்டே போதும். அண்ணன் ஓட்டறதா இருந்தா ட்ரை போட்டுத்தான் ஆவணும்."

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் விளங்கியது. வெட் என்றால் ஸ்டியரிங் அவளுக்கு. ட்ரை என்றால் எனக்கு. எஞ்சின் சம்பந்தமாக எனக்கு இதுவரை புரிந்தது இது ஒன்றுதான்.

"ட்ரை" என்றேன்.

"வெட்டு. நான் ஓட்டறன், நீங்க பக்கத்துல உக்காந்து வழி சொல்லுங்க."

"எனக்கு உங்க ஊரு வழி தெரியாதே."

"எனக்குத் தெரியும். நான் இன்னா சொல்றனோ அத்தத் திருப்பிச் சொல்லுங்க, போதும்."

பேச்சுவார்த்தை தொடர்ந்தது. பேச்சு அவளுடையது, தலையாட்டல் என்னுடையது. பயத்தில் ஒரு தடவை வெட்டுக்கும் தலையாட்டிவிட்டேன். இனி தாங்காது என்று மேல் கோர்ட்டுக்குப் போக முடிவு செய்தேன்.

"பூப் போட்டுப் பாத்துடலாம் அம்சா. மலையில முருகன் இன்னா சொல்றாரோ அதான்."

எங்கள் வீட்டில் தீராத வழக்கெல்லாம் மலைக்குத்தான் போகும். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, கேள்வியை மனசுக்குள் நினைத்துக்கொண்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். வந்த நிறம்தான் பதில். அம்சாவின் தங்கை புவனாவுக்கு மாப்பிள்ளை முடிவானதே இப்படித்தான்.

"சிவப்புன்னா வெட்டு. வெள்ளைன்னா ட்ரை" என்றேன்.

"ஆவட்டும். பொட்டலம் நீங்க கட்டுங்க, கேள்வி நான் கேக்கறன்."

பொட்டலம் கட்டுகிற வேலையை என் கையில் கொடுக்கிறாள் பாருங்கள். எனக்கு அவள்மேல் பரிதாபமே வந்தது. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் இருந்த செடியில் நந்தியாவட்டையாகப் பறித்தேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே வைத்துக் கட்டினேன். முருகனையே ஏமாற்றலாமா என்று கேட்காதீர்கள். இரண்டு பெண்டாட்டி கட்டியவருக்கு என் கஷ்டம் தெரியாமலா போகும்.

மலைக்கு அம்சாதான் ஓட்டினாள். நான் எதுவும் சொல்லவில்லை, கடைசியாக ஓட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கொடிமரத்துக்குப் பக்கத்தில் பொட்டலங்களை வைத்தோம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய ஒரு சின்னக் குழந்தையோடு ஆந்திராக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைக் கேட்டோம். "ஒகட்டி தீஸ்கோ நைனா" என்று ஒன்றை எடுக்கச் சொல்லி அதன் அம்மா இறக்கி விட்டாள். அம்சா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுத்தது.

பிரித்தாள். வெள்ளை.

"பாத்தியா, வெள்ளை. ட்ரை. ஸ்டியரிங் எனக்கு" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமனார் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அம்சா பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஸ்டியரிங் எனக்குத்தான வந்துருக்குது."

"வெள்ளைன்னா ட்ரைன்னுதான பேச்சு?"

"அது நீங்க பேசினது. கேள்வி நான் கேக்கறன்னு சொன்னனா இல்லியா? வெட்டோ ட்ரையோ, அத்த ரசூல் பாய் பாத்துக்குவாரு, அதுக்குப் போயி சாமியத் தொந்தரவு பண்ணுவாங்களா. யாரு ஓட்டறதுன்னு கேட்டன். வெள்ளை வந்தா நானு, சிவப்பு வந்தா நீங்க."

"இது அழுகுணி ஆட்டம். நான் ஒத்துக்க மாட்டன்."

"சரி, ஒத்துக்காதீங்க. அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சு, சிவப்பு இருக்குதான்னு பாத்துட்டு மறுபடியும் போடலாம்."

கையை நீட்டினாள். நான் பாய்ந்து பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"வேணாம் அம்சா. சாமி சொன்னா சொன்னதுதான்."

"ஆங். சிவப்பு அரளிச் செடிப் பக்கமே போவாம வந்து பொட்டலம் கட்டும்போதே நெனச்சன், வெள்ளைதான் வரும்னு."

அந்தக் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கும் விவரம் தெரிந்துவிட்டது போலிருந்தது.

இறங்கும்போது அம்சாவுக்கு மனசு இளகியது. "நீங்க ஆசைப்பட்ட மாதிரி ட்ரையே போட்டுடலாம். டாங்க் வச்சிட்டா நான் பதமா திருப்பணும்னுகூட இல்ல பாருங்க" என்றாள். ரசூல் பாயும் அதைத்தான் அப்போதே சொன்னேன் என்றார். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. டாங்க்கை என் சீட்டுக்குப் பின்னால் பொருத்தினார். முட்டி மூக்கில் இடிக்க நான் உட்கார்ந்தேன்.

கே.ஜி.கண்டிகை தாண்டி ஒரு செம்மண் பாதையில் ஒத்திகை. மாமனார் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்சா கிளப்பினாள். அவள் "இடது" என்றாள், நான் "இடது" என்றேன். அவள் "வலது" என்றாள், நான் "முருகா" என்றேன். சோற்றுக் கையும் பீச்சாங்கையும் எனக்கு ஒன்றாகிவிட்டன. வண்டி ஒரு வழியாக நின்றது. ரசூல் பாய் ஓடிவந்து பானெட்டைத் திறந்தார், குனிந்து அடியில் பார்த்தார், டாங்க்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஆயில் வெளிய வரல அண்ணி" என்றார்.

வெளியே வந்தது, மாமனார் கண்ணெதிரே, நான் காலையில் சாப்பிட்ட இட்லி மட்டும்தான்.