வால்வு அண்ணனும் வாய்க்கால் கம்பியும்

நன்னிலம் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்கள் ஆயிரம் பேர் உண்டு. மைக்செட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் எங்கள் வால்வு அண்ணன் ஒருவர்தான்.

இசைத்தட்டு ஊசியின் பூனைக்குரலைப் பெருக்கி ஆம்ப்ளிஃபயரிடம் ஒப்படைக்க, பிஸ்கட் தகரத்தில் பழைய ரேடியோவின் கண்ணாடி வால்வுகளைச் சொருகி அவரே ஒரு ப்ரீஆம்ப் கட்டினார். கட்டினார் என்பது தப்பு, சாகும்வரை கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியும் கையுமாக உட்கார்ந்திருக்க, "ஒரு கண்டென்சர் மாத்திக்கிறேன், பொறுங்க" என்றார். மாப்பிள்ளை பொறுத்தார்.

இரைச்சல்தான் அவருக்கு ஜென்ம விரோதி. அதை அடக்க, பெட்டியிலிருந்து எர்த் ஒயரை இழுத்து இரும்புக் கம்பியில் கட்டி, வாய்க்கால் சேற்றில் குத்திவிடுவார். எங்கள் ஊரில் சேற்றுக்கா பஞ்சம்?

ஆட்சி மாறியிருந்த புதிது. அறுப்புக் கூலித் தகராறு. மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கப்போகிறார் என்று வதந்தி. தாசில்தார் இரு தரப்பையும் பள்ளிக்கூட மைதானத்தில் உட்காரவைத்தார். மைக்செட் ஏற்பாடு அவருடைய குமாஸ்தாவான அடியேன். பேச்சு முறிந்தால் முற்றிய நெல் உதிரும். அதற்கு முன்னால் யாருடைய பல்லாவது உதிரும். என் பற்கள் வேறு கொஞ்சம் முன்வந்தே இருக்கும்.

கூட்டத்துக்கு முன் நாயன இசைத்தட்டு வைப்பது வழக்கம். அண்ணன் சுவிட்சைப் போட்டார். வால்வு சூடேற நேரமாகும். சூடு ஏறஏற, குழாய் ஸ்பீக்கரில் எங்கோ தூரத்தில் ஒரு உறுமல் கிளம்பி, நெருங்கி நெருங்கி வந்தது.

"லாரி வருது" என்றது ஒரு குரல்.

தொழிலாளர் பக்கம் மொத்தமும் எழுந்தது. "எங்கள இங்க உக்கார வச்சிட்டு அங்க ஆள எறக்குறீங்களா?" புது ஆட்சி தங்களைப் பிடிக்க அனுப்பிய போலீஸ் லாரியோ என்று மிராசுதார் பக்கம் வேட்டியை மடித்துக் கட்டியது. நான் மேஜைக்கு அடியில் புகுந்தேன். அங்கே ஏற்கெனவே தாசில்தார் இருந்தார்.

அண்ணன் மட்டும் நடந்துபோய், மைதான ஓரத்து வாய்க்காலில் முன்பே குத்திவைத்திருந்த கம்பியை ஆட்டிப் பார்த்தார். அறுப்புக்காக வாய்க்காலை அடைத்திருந்தார்கள். சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எர்த்து காஞ்சுபோச்சு. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு குடம் தண்ணி கொண்டாங்க."

சங்கத் தலைவர் பள்ளிக்கூடக் கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார். உறுமல் பாதியானது. மிராசுதார் இன்னொரு குடத்தைச் சரித்தார். சுத்தமாக நின்றது. அண்ணன் ஊசியை வைக்க, நாயனம் மட்டும் எழுந்தது.

இரு பக்கமும் மறுபடி உட்கார்ந்து, தட்டு முடியும்வரை கேட்டது. "மறுபக்கத்தையும் வைங்கண்ணே" என்றார் சங்கத் தலைவர். மிராசுதாரும் தலையாட்டினார். அன்று இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். பொழுது சாய்வதற்குள் கூலியும் முடிவானது.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் காதைத் தீட்டிக்கொண்டு முகம் சுளித்தார். "இன்னும் ஏதோ சத்தம் இருக்கேடா. திடும் திடும்னு."

"அது என் நெஞ்சுண்ணே."

குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை நீட்டினார். "அப்ப இத நீ குடி."

குடித்தேன். அடங்கிவிட்டது. இன்றைக்கும் பதறினால் தண்ணீரைத்தான் தேடுகிறேன். நீட்டுவதற்கு அண்ணன்தான் இல்லை.