முல்தே சதுப்பும் பெரியண்ணனின் காலும்

அன்புள்ள தங்கை குன்வோருக்கு,

தோர்கிரிம் எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கணவரின் முதுகுவலி இந்த ஆகஸ்ட் வெயிலிலாவது கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். இங்கே நான் சுகம், வீடு சுகம், போன குளிர்காலக் காற்றில் பறந்த கூரை ஓடுகள்கூட இடத்துக்கு வந்துவிட்டன. பெரியண்ணன் ஸ்யூர்தான் சுகமாக இல்லை. மருத்துவமனையில் கிடக்கிறார். ஒரு காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்கிறார்கள். அவர் சம்மதிக்க மறுக்கிறார். போனில் சொல்ல முயன்றால் பாதியில் எனக்குக் குரல் போய்விடும், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு போர்க்ஹில் நாளைக் காலை இதை எடுத்துக்கொண்டு காரில் உன் ஊருக்கு வருகிறாள். கடிதத்தைப் படித்ததும் அவளோடு அப்படியே புறப்பட்டு வந்துவிடு.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை அண்ணன், தெற்கே மீன் பிடிக்கப் போவதாகப் படகுத்துறையில் நின்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்டில் அண்ணன் தெற்கு என்றால் தெற்கைத் தவிர மற்ற மூன்று திசைகளும் என்று அர்த்தம். சதுப்பில் மட்டும் விளையும் அந்த மஞ்சள் பழம், முல்தே, பழுக்கும் மாதம் அல்லவா. நம் குடும்பம் அதைப் பறிக்கும் சதுப்பு எங்கே இருக்கிறது என்பதை அப்பா மூத்த மகனுக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார், உனக்கும் எனக்கும் ஜாடியில் ஜாம் வந்ததோடு சரி. போன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அதைச் சமையலறையில் ரொட்டித் துணிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை தூரத்திலிருந்து தெரியும் என்று அதைப் படகுக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டு, பாறை நிறத்தில் ஒரு பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். படகையும் யார் கண்ணிலும் படாத பாறை இடுக்கில், கால்சட்டை நாடா போன்ற ஒரு கயிற்றால் கட்டியிருக்கிறார். ஏறிய அலை அதை அவிழ்த்துக்கொண்டு போயிற்று. வெறும் படகு நடுக்கடலில் அகப்பட்டதும் ஊர் அவரைச் செத்தவர் கணக்கில் சேர்த்துவிட்டது. போர்க்ஹில் கேக்கோடு வந்து, கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றலாமா என்று மெதுவாகக் கேட்டாள். பொறு என்றேன். வந்தவர்கள் எல்லோரும் காப்பி குடித்தார்கள், படகின் எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள், அண்ணனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நம்மவர்கள் அழுவது அப்படித்தான்.

அந்த நேரம் அண்ணன் சதுப்பில் கிடந்தார். பாறையில் வழுக்கி விழுந்ததில் கணுக்காலுக்கு மேல் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. மீட்புப் படகு கல்லெறி தூரத்தில் இரண்டு முறை போயிருக்கிறது, தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றியிருக்கிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா? புதரை இழுத்து மேலே போர்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் ஓர் உதாரணம் சொல்வதுண்டு: ஆரஞ்சுச் சட்டை போட்டவனையும் சாம்பல் சட்டை போட்டவனையும் கடல் ஒரே மாதிரிதான் நனைக்கும், தேடி வருகிறவனுக்குத்தான் வித்தியாசம். என் அண்ணனே அந்தப் பாடத்தில் தேறவில்லை.

மழையில் இரண்டு இரவு. கடைசியில் கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறாய்? ஹால்வர். முப்பது வருஷமாகத் திரைச்சீலைக்குப் பின்னால் தொலைநோக்கியோடு நின்று அண்ணன் போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஹால்வர். மற்றவர்கள் மூழ்கிய மீனவனைத் தேடினார்கள். அவன் பழம் பறிக்கப் போனவனைத் தேடினான். இவரைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தியிருக்கிறான்.

"இன்னும் பழுக்கலை, போயிடு" என்றாராம் அண்ணன், பல் கிட்டிக்க.

"நீ பழுத்து அழுகவே ஆரம்பிச்சிட்டே, வா" என்று தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டானாம். போகிற வழியெல்லாம் அண்ணன், பழ வாளியை மூடு, வாளியை மூடு என்றே சொல்லிக்கொண்டு வந்தாராம்.

மருத்துவமனையில் டாக்டர் பெண் நல்லவள், பொறுமையானவள். "முழங்காலுக்குக் கீழே எடுக்கணும் ஸ்யூர். ஞாயிறு தாண்டினா என் கையில இல்லை" என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒத்தைக் காலோட சதுப்புல நடக்க முடியாது. அந்த ஹால்வருக்கு இப்போ இடம் தெரிஞ்சு போச்சு. அவன் வாளி வாளியாத் தூக்கிட்டுப் போறதை நான் ஜன்னல்ல உக்காந்து பாக்கணுமாடா? காலோடயே போறேன், விடு."

முல்தே கடையிலேயே கிடைக்கிறதே என்று சொல்லித் தொலைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், குன்வோர். பூட்டிய பெட்டிக்குள் ஒன்றும் இல்லையென்றால் சாவிக்காக யாரும் சாக மாட்டார்கள். சதுப்பு இருக்கும் இடத்தை இதோ எழுதுகிறேன்: குவால் தீவு, வடக்குப் பக்கம், இரட்டைப் பாறைக்குப் பின்னால். எனக்கே இந்த வயதில், ஹால்வர் வாயால்தான் தெரிந்தது. நீ வந்ததும் இருவருமாக அவர் முன்னால் நின்று, ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, இனிக் காக்க ஒன்றுமில்லை, காலைக் கொடுங்கள் என்று சொல்வோம்.

உன் பிள்ளைகள் எந்தக் கரையில் இறங்கினாலும் கால் வழுக்காமல் இருக்கட்டும். வரும்போது கம்பளிச் சட்டை எடுத்துக்கொள், ஆஸ்பத்திரி வராந்தா குளிர்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன் தோர்கிரிம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது டாக்டர் அழைத்தாள். அண்ணன் சம்மதித்துவிட்டார், நான் போய்ச் சேர்வதற்குள் காலை எடுத்தும் விட்டார்கள். மதியம் ஹால்வர் வந்தானாம். உட்காரவில்லை, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றானாம். அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள்.

"நீ எங்க கிடந்தேன்னு ஊர்ல கேட்டாங்க. நீர்க்காகப் பாறையிலன்னு சொல்லிட்டேன்."

"அங்க ஒரு புல்லுகூட முளைக்காதே" என்றாராம் அண்ணன்.

"அதனாலதான் சொன்னேன்."

 பிறகு அண்ணனே மணியை அடித்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை, டாக்டர் முகமும் தெளியவில்லை, அதனால் நீ வரத்தான் வேண்டும். ஆனால் மேலே நான் எழுதியிருக்கும் இடம் தவறு. அந்தத் தீவில் ஒன்றுமில்லை. அண்ணன் கிடந்தது நீர்க்காகப் பாறையில். போர்க்ஹில் வழியில் கேட்டாலும் அதையே சொல், உன் கணவர் கேட்டாலும் அதையே சொல். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிட்டுக் காரில் ஏறு.